பழஞ்சேலையும் தையல் நூலும்

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இதிலே வரும் கந்தை என்னும் சொல் வறுமையையே நமக்கு நினைவூட்டுகிறது. ஆயின் ‘கந்தா’ என்னும் வடசொல்லினின்று வந்த இச்சொல்லுக்கு வங்கத்திலே ஓர் உடன்பிறப்பு உண்டு. அங்கே ‘காந்தா’ என்றால், பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கையூசியால் நெருங்கத் தைத்து, தாமரையும் மாங்காயும் மீனும் விளங்கச் செய்த அழகிய போர்வை என்று பொருள். குழந்தை பிறந்த வீட்டிற்கும் மணமகள் புகும் வீட்டிற்கும் அதனை அன்புடன் அளிப்பர். ஒரே சொல் ஒரு நாட்டில் ஏழ்மைக்கும் மற்றொரு நாட்டில் செல்வத்துக்கும் பெயராயிற்று. பொருள் மட்டும் ஒன்றே: கிழிந்ததை எறியாது, அடுக்கித் தைத்து, மீண்டும் வாழவைத்தல்.

இந்த ஆராய்ச்சியில் நாம் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அலுவலின் பொருட்டு ஐதராபாத் வந்து, நகரின் கிழக்கே நாச்சாரத்தையும் மௌலாலியையும் அடுத்துள்ள மல்லாபூரில் குடியிருக்கிறோம். தொழிற்பேட்டையின் சங்கொலியும் இரயிலின் ஓசையும் கேட்கும் இடம் இது. மூன்றாண்டுகளுக்கு முன் எமது அன்னையார் காலமானபோது, ஊரிலிருந்து ஒரு தகரப் பெட்டி எம்மிடம் வந்து சேர்ந்தது. அதனுள் 11 நூற்சேலைகள். பெரும்பாலானவை சின்னாளப்பட்டிச் சுங்குடிகள். பலமுறை துவைத்துத் துவைத்து மல்லிகை இதழ்போல் மென்மையாகிவிட்டவை. உடுத்தவும் இயலாது, பிறருக்குக் கொடுக்கவும் மனம் வராது. அடுத்த வீட்டில் வாழும் முதிய தெலுங்குப் பெருமாட்டி அவற்றைத் தொட்டுப் பார்த்து, “பொந்த தையுங்கள், அம்மா! பெட்டிக்குள் இருந்தால் பூச்சிக்கு, மேலே போர்த்தால் பிள்ளைகளுக்கு” என்றார். ‘பொந்த’ என்பது பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் மெத்தைப் போர்வைக்குத் தெலுங்கு நாட்டார் வழங்கும் பெயர்.

அவ்வாறே தையல் யந்திரத்தின் முன் அமர்ந்தோம். அங்கே தொடங்கின எம் தொல்லைகள். நூல் அறுந்தது, தையல் தாவியது, துணியின் அடிப்புறத்தில் குருவிக்கூடு போல நூல் சிக்கிக் குவிந்தது. அத்தொல்லைகளின் காரணத்தைத் தேடப் புகுந்த நாம், நூலின் வரலாற்றையும் யந்திரத்தின் வரலாற்றையும் தேடும்படி ஆயிற்று.

தையற்கலை தமிழருக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில், கரிகாற்சோழனை அடைந்த பொருநன் ஒருவன் தன் உடையைப் பற்றிக் கூறுகிறான். அது வியர்வையில் நனைந்து, அத்துணிக்கு உரியதல்லாத வேறு நூல்களால் ஆங்காங்கே தைக்கப்பட்டிருந்த கந்தல். மன்னன் அதனை நீக்கி நுண்ணிய ஆடை நல்கினான். பிறிது நூல் நுழைந்த துணி என்பதைப் புலவர் எத்துணைக் கூர்மையாகக் கண்டிருக்கிறார்! சிலப்பதிகாரமோ புகார் நகரின் தொழிலாளரை வரிசைப்படுத்துமிடத்துத் துன்னகாரரையும் குறிக்கிறது. துன்னுதல் என்பது தைத்தல். துன்னகாரர் என்போர் தையற்காரர்.

ஒட்டுத் துணியிலும் அடுக்குத் துணியிலும் அழகு காணும் வழக்கம் பாரதமெங்கும் பரவியுள்ளது. வங்கப் பெண்கள் காந்தாவிற்குப் பழஞ்சேலையின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்தனர். நடுவிலே தாமரை, நான்கு மூலைகளிலும் மரமோ மாங்காயோ. எஞ்சிய இடமெல்லாம் ஊசி மேலும் கீழுமாகச் செல்லும் எளிய ஓட்டத் தையல். அதனால் துணி முழுதும் நீரலைபோல் நெளிகிறது. பீகாரில் இது சுஜனி எனப்படும். மகாராஷ்டிரத்தில் கோதடி, கன்னட நாட்டில் கௌதி. வட கன்னட மாவட்டக் காடுகளில் வாழும் சித்திகள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்தம் பெண்கள் போர்வையை ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். முடிவில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை வைப்பர். பூ என்று பெயர்பெற்ற அம்மடிப்பு இல்லாத போர்வை அவர்களுக்கு நிறைவற்றது.

இவற்றிலெல்லாம் ஓர் உண்மை அடங்கியுள்ளது. கோலத்தைத் தேர்ந்தெடுப்பது கண்ணின் விருப்பம் மட்டுமன்று. துணியின் வலிமையே கோலத்தை வகுக்கிறது. தேய்ந்த துணியாதலின் வங்கப் பெண் மெல்லிய நூலால் தைத்தாள். சிறு சிறு துண்டுகளாகக் கிடைத்தமையின் சித்திப் பெண் அவற்றைச் சுற்றி அடுக்கினாள்.

நாம் வாழும் ஐதராபாத்துக்கும் உலகப் போர்வைகளின் வரலாற்றில் சிறப்பான இடம் உண்டு. 1591-இல் இந்நகரை நிறுவிய குதுப்ஷாகிகளின் கோல்கொண்டா அரசுக்கு மசூலிப்பட்டினமே தலையாய துறைமுகம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரரும், 1611-இல் ஆங்கிலேயரும் அங்கே வந்து வாணிகம் தொடங்கினர். அவர்களை ஈர்த்தவற்றுள் முதன்மையானது சோழமண்டலக் கரையின் வண்ணச் சீட்டித்துணி. படிகாரமும் இரும்பும் சேர்ந்த கரைசல்களைக் கொண்டு துணியில் எழுதி, சாயவேரில் தோய்த்தெடுத்த அந்தச் சிவப்பு, துவைத்தாலும் மங்காதது. ஐரோப்பியர் அதனைக் கட்டிலின் மேல்விரிப்பாக்கினர். பஞ்சு வைத்துத் தைத்துப் போர்வையாக்கினர். கிழிந்த பின்னரும் அதிலிருந்த பூக்களையும் பறவைகளையும் கத்தரித்து வேறு துணியில் ஒட்டித் தைத்தனர். இன்று மேலை நாட்டுப் பொருட்காட்சிச் சாலைகளில் விளங்கும் பழம்போர்வைகள் பலவற்றில் நம் கரையோரத்து ஓவியர்களின் கைவண்ணம் இருக்கிறது.

இத்துணியின் கவர்ச்சி கண்டு அங்குள்ள நெசவாளர் அஞ்சினர். 1686-இல் பிரான்சு அதனைத் தடை செய்தது. 1700-இல் இங்கிலாந்தின் பாராளுமன்றம் ஆசியாவின் வண்ணத் துணிகளை உள்நாட்டில் பயன்படுத்துவதைத் தடுத்தது. 1719-இல் இலண்டனில் பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்து, சீட்டி உடுத்திய பெண்களைத் தெருவில் தாக்கினர். 1721-இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. படுக்கை விரிப்புக்கும் அதில் விலக்கில்லை. 1774 வரை அத்தடை நீடித்தது. ஒரு போர்வைத் துணிக்காக ஒரு பாராளுமன்றமே கலங்கிய காலம் அது. அதே இங்கிலாந்து பின்னர் ஆலைத்துணியைக் கொண்டுவந்து நம் நெசவாளரின் வாழ்வைக் குலைத்ததை யாவரும் அறிவோம்.

இனி யந்திரத்துக்கு வருவோம். 1830-இல் பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தலமி திமோனியே சங்கிலித் தையலிடும் யந்திரம் ஒன்றுக்கு உரிமம் பெற்றார். படைவீரருக்குச் சீருடை தைக்கப் பாரிசில் 80 யந்திரங்களை நிறுவினார். தம் பிழைப்புக்குக் கேடு வருமென அஞ்சிய தையற்காரர் 1831-இல் உட்புகுந்து அவற்றை நொறுக்கினர். திமோனியே 1857-இல் வறுமையில் மாண்டார். அமெரிக்காவில் வால்ட்டர் ஹண்ட் என்பார் 1830-களிலேயே, கூர்முனையில் கண்ணுடைய ஊசியும் நூலோடமும் சேர்ந்த யந்திரத்தை அமைத்தும் உரிமம் பெறாது விட்டார். எலியாஸ் ஹோவ் 1846-இல் அதே முறைக்கு உரிமம் பெற்றார். ஐசக் சிங்கர் 1851-இல் தமது யந்திரத்தை வெளியிட்டார். வழக்குகள் பெருகின. 1856-இல் உரிமையாளர் அனைவரும் உடன்படிக்கை செய்துகொண்டு வருவாயைப் பங்கிட்டனர்.

ஹோவ் முறையின் சிறப்பு யாது? சங்கிலித் தையலுக்கு ஒரு நூல் போதும். ஆயின் ஓரிடத்தில் அறுந்தால் வரிசை முழுதும் உருவி வந்துவிடும். ஹோவ் முறையில் நூல்கள் இரண்டு. மேல்நூல் ஊசியுடன் துணியைத் துளைத்து இறங்கி ஒரு வளையமாகிறது. கீழே பாபின் நூல் அவ்வளையத்தினுள் நுழைகிறது. ஊசி ஏறும்போது இரண்டும் துணிகளின் நடுவே பூட்டிக்கொள்கின்றன. மேல்நூலின் இழுப்பும் கீழ்நூலின் இழுப்பும் சமமாக இருக்கும் வரையில் பூட்டு நடுவிலேயே நிற்கும். யந்திரத் தையலின் இரகசியம் இந்தச் சமநிலையே. இதனை அறிந்தவருக்குத் தையற்குறைகளில் பாதி விளங்கிவிடும்.

சிங்கர் நிறுவனத்தார் 1856-இல் தவணை முறையில் யந்திரத்தை விற்கத் தொடங்கினர். 1870-களில் அவர்தம் யந்திரம் இந்தியாவுக்கு வந்தது. கைம்பெண்களும் கைவிடப்பட்ட பெண்களும் மானத்துடன் பிழைக்க அது ஒரு வழியாயிற்று. அதே சமயம் தவணை கட்ட இயலாமல் யந்திரத்தை இழந்து கண்ணீர் வடித்தோரும் உண்டு. 1930-களில் கல்கத்தாவின் ஜே இன்ஜினியரிங் தொழிற்சாலையில் இந்தியத் தையல் யந்திரம் பிறந்தது. லாலா ஸ்ரீராமின் பொறுப்பில் ‘உஷா’ என்னும் பெயருடன் அது இல்லந்தோறும் புகுந்தது. எமது அன்னையார் மிதித்ததும் அத்தகைய ஒரு யந்திரமே.

யந்திரங்களைக் கண்டித்த காந்தியடிகள் தையல் யந்திரத்துக்கு விலக்களித்தார் என்பதை ஈண்டு நினைத்தல் தகும். 1924-இல் சாந்திநிகேதன் மாணவராக இருந்த ஜி. ராமச்சந்திரன் அவரிடம், எல்லா யந்திரங்களையுமே எதிர்க்கிறீர்களா என்று வினவினார். மனைவியின் கைநோவைக் கண்டு பொறாத அன்பினால் பிறந்த கருவி என்று தையல் யந்திரத்தை அடிகள் போற்றி, அதனைச் செய்யும் தொழிற்சாலைகள் அரசின் பொறுப்பில் இயங்க வேண்டுமென்றும் கூறினார். சிங்கரின் உண்மை வரலாற்றில் அன்பைவிட வாணிகமே மிகுதி. எனினும் மனிதனின் கையை முடமாக்காது அதற்குத் துணைநிற்கும் யந்திரமே நல்லது என்னும் கருத்து மாறுவதில்லை. கேள்வி கேட்ட ராமச்சந்திரன் பின்னர் டாக்டர் சௌந்தரத்தை மணந்தார். 1947-இல் அவ்விருவரும் திண்டுக்கல்லை அடுத்து நிறுவிய காந்திகிராமம், சுங்குடிக்குப் பெயர்பெற்ற சின்னாளப்பட்டிக்கு அருகிலேயே உள்ளது.

நூலின் கதையோ நம் பொருநை நதிக்கே நம்மை அழைத்துச் செல்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெப்போலியன் போர்களால் பட்டுவரத்து தடைப்படவே, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் கிளார்க் குடும்பத்தார் பருத்தி இழைகளை முறுக்கி உறுதியான நூலாக்கினர். அவ்வூரிலேயே கோட்ஸ் குடும்பத்தார் 1826-இல் ஆலை அமைத்தனர். யந்திரம் வந்தபின் முன்னிருந்த நூல் போதவில்லை. நொடிக்குப் பலமுறை ஊசிக்கண்ணில் உராயும் நூல் வழுவழுப்பாகவும் ஒரே பருமனாகவும் இருத்தல் வேண்டும். ஆதலின் ஆறு இழை சேர்த்து முறுக்கும் நூல் 1860-களில் யந்திரத்துக்கென்றே பரவியது. ஜான் மெர்சர் 1844-இல் கண்ட காரமுறையும், 1890 அளவில் நூலை இழுத்துப் பிடித்து அம்முறையைச் செய்த ஹோரஸ் லோவின் திருத்தமும் பருத்தி நூலுக்குப் பட்டின் பளபளப்பை அளித்தன.

1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாச அருவியின் நீர்விசையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை தொடங்கினர். பின்னர்த் தூத்துக்குடியில் கோரல் ஆலையும், 1892-இல் மதுரையில் ஓர் ஆலையும் தோன்றின. 1974-இல் மதுரை ஆலைகளும் கோட்ஸ் நிறுவனமும் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. பெய்ஸ்லி நூலும் பொருநை நூலும் இவ்வாறு ஒரே கண்டில் சுற்றப்பட்டன.

அக்கண்டில் தொழிலாளரின் வியர்வையும் சேர்ந்தே சுற்றப்பட்டிருந்தது. வாரவிடுமுறையின்றி, குறைந்த கூலிக்கு உழைத்த கோரல் ஆலைத் தொழிலாளர் 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். சில நாட்களிலேயே நிர்வாகம் இணங்கியது, கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. ஆயின் மார்ச் 12-ஆம் நாள் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நூல் என்பது விலைகொடுத்து வாங்கும் அற்பப் பொருள் என்று எண்ணுவோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

இவ்வளவும் அறியாத நிலையில்தான் நாம் முதற்போர்வையைத் தைத்தோம். யந்திரத்தின் அடிப்புறத்தில் நூல் குவியவே, பழுது கீழே இருக்கிறது என்று எண்ணி, பாபினை மாற்றினோம். அதன் திருகை முடுக்கினோம். பின்னர் ஒரு மெக்கானிக்கை அழைத்தோம். அவர் ஷட்டிலையே கழற்றி, இருந்த ஒழுங்கையும் குலைத்துக் கூலி பெற்றுச் சென்றார். உண்மையில் குற்றம் மேலே இருந்தது. ஊசிக்குமேல் நூலைப் பிடிக்கும் இரு தகடுகளுக்கிடையே நூல் பதியவில்லை. துணியை அழுத்தும் பாதம் கீழே இறங்கியிருக்கும்போது அத்தகடுகள் இறுகியிருக்கும். அப்போது கோத்த நூல் உள்ளே செல்லாது. பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடியும் கோத்தோம்; குருவிக்கூடு மறைந்தது. அடிப்புறத்தில் வளையம் கண்டால் மேல்நூலையும், மேற்புறத்தில் வளையம் கண்டால் கீழ்நூலையும் முதலில் பார்க்க வேண்டும் என்பது நாம் கற்ற முதற்பாடம்.

தையல் தாவுவதற்குப் பெரும்பாலும் ஊசியே காரணம். முனை மழுங்கினாலோ, தண்டு இம்மியளவு வளைந்தாலோ, தட்டைப்பக்கம் திசைமாறிப் பொருந்தினாலோ, நூல்வளையம் ஷட்டிலின் முனைக்கு அகப்படாது போகிறது. அடுக்குத் துணிக்கு 14 அல்லது 16-ஆம் எண் ஊசி ஏற்றது. மேல்நூல் அடிக்கடி அறுமாயின், இழுப்பு மிகுதியாயிருக்கலாம், ஊசிக்கண் சிறிதாயிருக்கலாம், நூலே பழையதாயிருக்கலாம். வெயிலில் கிடந்த நூற்கண்டில் ஒரு முழம் எடுத்து வெடுக்கென இழுத்துப் பாருங்கள். ஓசையின்றி அறுந்தால் அது யந்திரத்துக்கு உதவாது. துணியை நகர்த்தும் பற்களின் கீழ்ச் சேரும் பஞ்சுத் தூசியைத் தூரிகையால் நீக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விடுவது பல பழுதுகளுக்கு மருந்து.

அடுக்குகள் சுருங்கி விலகுவதற்குக் காரணம் வேறு. யந்திரத்தின் பற்கள் கீழ்த்துணியையே தள்ளுகின்றன. மேல்துணி பாதத்தின் அடியில் பின்தங்குகிறது. ஆகவே முதலில் அடுக்குகள் அனைத்தையும் தரையில் விரித்து, நீண்ட கைத்தையலால் இணைத்து, பின்பு நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தைத்தல் வேண்டும். கைகளால் துணியைப் பற்றி இழுத்தல் ஆகாது; ஊசி வளைந்து முறியும்.

இவையாவும் திருத்தத்தக்க பிழைகள். திருத்த முடியாத பிழை ஒன்றையும் செய்தோம். ‘இந்த நூல் என்றைக்கும் அறாது’ என்று கடைக்காரர் ஒருவர் தந்த பாலியெஸ்டர் நூலைக் கொண்டு, மிகக் குறுந்தையலாக மூன்று சேலைகளைத் தைத்தோம். அவர் சொன்னது மெய்யே, நூல் அறவில்லை. ஆனால் நான்காம் முறை துவைத்தபோது, தையலின் வழியே சேலை நெடுகக் கிழிந்து நின்றது. நெருங்கிய துளைகள் துணியை நலியச் செய்தன. துணியைவிட வலிய நூல் அத்துளைகளை அறுத்துவிட்டது. எமது அன்னையார் திருநாட்களில் உடுத்திய மாம்பழ நிறச் சுங்குடி அது. அடுத்த வீட்டுப் பெருமாட்டி அதனை மடியில் வைத்துத் தடவியபடி, “நூல் அறுந்தால் மறுபடி தைக்கலாம், அம்மா. சேலை அறுந்தால் எதைத் தைப்பது?” என்றார்.

இரண்டாம் போர்வைக்குச் சிக்கந்தராபாத் ஜெனரல் பஜாரில் 50-ஆம் எண் பருத்தி நூல் வாங்கினோம். நூலின் எண் உயர உயர நூல் மெலியும் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளல் நலம். ஐந்து சேலைகளை அடுக்கினோம். வளைவும் பூவும் வேண்டாமென்று, கரைக்கு இணையாக நேர்கோடுகளே வகுத்தோம். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே மூன்று விரல். அங்குலத்துக்கு எட்டுத் தையல். இடையே பஞ்சு வைத்திருந்தால், அது உருண்டு திரளாதபடி கோடுகளை இன்னும் நெருக்கியிருக்க வேண்டும். சேலை அடுக்குக்கு இவ்வளவே போதும். ஓரத்தை மட்டும் அப்பெருமாட்டி தம் கையால் தைத்துத் தந்தார். இரண்டு குளிர்காலம் கடந்தும் அப்போர்வை நன்றாகவே இருக்கிறது. ஓரிடத்தில் நூல் அறுந்தது. அரைநாழிகையில் மீண்டும் தைத்துவிட்டோம்.

1806-இல் சிக்கந்தராபாத் படைக்குடியிருப்பு தோன்றிய நாள் தொட்டு, சென்னைப் படையுடனும், பின்னர் இரயிலுடனும், அலுவலகங்களுடனும் தமிழர் இந்நகருக்கு வந்தவண்ணம் இருக்கின்றனர். பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்களின் வீடுகளிலும் ஒரு பழம்பெட்டி இருக்கக்கூடும். அதனைத் திறந்து பாருங்கள். அக்கம்பக்கத்தில் காந்தாவோ கோதடியோ கௌதியோ தைக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பார், அவரிடம் கேளுங்கள். துணியைவிட நூல் மெல்லியதாக இருக்கட்டும். எம் பெட்டியில் எஞ்சிய மூன்று சேலைகளை நாம் இன்னும் தைக்கவில்லை. மாம்பழ நிறச் சுங்குடியில் கிழியாது தப்பிய பகுதியை நான்கு சதுரங்களாகக் கத்தரித்து வைத்திருக்கிறோம். அடுத்த போர்வையின் நான்கு மூலைகளுக்கும், சித்திப் பெண்கள் பூ வைப்பதுபோல், அவை மடிப்புகளாகும்.